வறண்ட ஊரின் ஓதம்: மதுரை வீட்டுப் பூஞ்சையை யார் வந்து பார்ப்பது?

மதுரையில் வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்தால் முதலில் வருகிறவர் பெயிண்டர். சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் போகிறார். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே கறை. பிறகு கொத்தனார் வந்து பூச்சை உடைத்துப் புதுக்கலவை பூசுகிறார். அதுவும் ஒரு மழைக்காலம் தாங்கும். மூன்றாவதாக வருகிறவர் வாட்டர்புரூஃபிங் ஆள். மொட்டை மாடி முழுக்க ரசாயனம் பூசி, இத்தனை வருடம் கியாரண்டி என்று ஓர் அட்டையைக் கையில் கொடுக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இந்த மூவரும் தேடியிருக்க மாட்டார்கள். தேடுவதற்கென்று அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பூஞ்சையைப் பார்த்துக் காரணம் சொல்வதையே தனித்தொழிலாக வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவின் பாலைநில நகரமான ஃபீனிக்ஸில்கூட அப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். நம் ஊரில் அந்தத் தொழிலுக்குப் பெயர்ப்பலகை இல்லை; வேலை மட்டும் நிறைய இருக்கிறது. அதை யாரிடம், என்ன தகுதி பார்த்து, எப்படி ஒப்படைப்பது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெயில் ஊரில் பூஞ்சை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது மதுரை. ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. அதில் கணிசமான பங்கு வடகிழக்குப் பருவமழையாக இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே செய்தியே இல்லை. மதுரை பாலைவனம் ஆகாது. ஆனாலும் கோடையில் திருமங்கலம், மேலூர்ச் சமவெளியைப் பார்க்கிறவருக்கு இங்கே பூஞ்சைக்கு என்ன வேலை என்றுதான் தோன்றும்.

ஊரின் மருத்துவ வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. பாதம் வீங்கிப் புரையோடும் ஒரு நோயைப் பற்றி மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் 1842இல் எழுதினார். 1846இல் கோல்புரூக் என்பவர் அதை 'மதுரைப் பாதம்' என்று குறித்தார். பூஞ்சையே அதற்குக் காரணம் என்று பம்பாயிலிருந்த வான்டைக் கார்ட்டர் 1860இல் விளக்கி, மைசிட்டோமா என்று பெயரிட்டார். அதன் ஒரு வகை பாக்டீரியாவால் வருகிறது என்பது பின்னர் தெரிந்தது. முள் குத்திய வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறும் இந்நோய், குறுகிய மழைக்காலம் கொண்ட வறண்ட நிலங்களில்தான் மிகுதி. அதே மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 434 கருவிழிப் புண் நோயாளிகள் ஆராயப்பட்டனர். ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியாத் தொற்றும் பூஞ்சைத் தொற்றும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தன. சுவர்ப் பூஞ்சையால் வந்த நோய்கள் அல்ல இவை. மழை குறைந்த ஊரிலும் மண்ணிலும் காற்றிலும் பூஞ்சை வித்துகளுக்குப் பஞ்சமில்லை என்பதற்குச் சாட்சிகள்.

வித்து காற்றில் இருக்கிறது. தின்பதற்குத் தூசி, காகிதம், மரம், பெயிண்டிலுள்ள பசை எல்லாம் வீட்டுக்குள் இருக்கின்றன. வெப்பத்துக்கும் குறைவில்லை. மிச்சம் வேண்டியது தண்ணீர் ஒன்றுதான். அதுவும் துளியாகச் சொட்ட வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பல பூஞ்சைகளுக்குப் போதும். கடலோரச் சென்னையில் காற்றின் ஈரம் ஊர்ப் பொது. மதுரையில் ஈரத்துக்குப் பெரும்பாலும் ஒரு முகவரி உண்டு. ஆகவே இங்கே பூஞ்சை பார்க்க வருகிறவர் பூஞ்சையின் இனத்தைவிடத் தண்ணீரின் முகவரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதுவே தலையாய தகுதி.

ஈரம் நுழையும் வழிகள்

முதல் வழி மொட்டை மாடி. பகலில் கொதித்து இரவில் ஆறும் கான்கிரீட் தினமும் விரிந்து சுருங்குகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் விழுகிறது. முன்பெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்துவிடுவார்கள். இன்று பல வீடுகளில் அந்த வாட்டமே சரியாக இல்லை. பல மாதம் காய்ந்து கிடக்கும் மழைநீர்க் குழாயை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டிருப்பது முதல் மழை இரவில்தான் தெரிகிறது.

இரண்டாவது தரை. மதுரையின் பல புதிய குடியிருப்புகள் கண்மாய்களையும் அவற்றின் ஆயக்கட்டு வயல்களையும் ஒட்டி எழுந்தவை. அடிமண் களிமண்ணாக இருந்தால் தண்ணீர் எளிதில் வடிவதில்லை. பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில், வாசற்படி ரோட்டைவிடத் தாழ்ந்துபோன வீடுகள் எத்தனையோ. 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். வெள்ளம் வடிந்தாலும் செங்கல் குடித்த தண்ணீர் காய மாதக்கணக்காகும். அடித்தளத்துக்கு மேல் ஓதம் தடுக்கும் கான்கிரீட் பட்டை போடாத சுவரில் ஈரம் சுமார் ஒரு மீட்டர் வரை ஏறும்.

மூன்றாவது சுவருக்குள் புதைத்த குழாய்களும் குளியலறைத் தரையும். தரையைத் தாழ்த்திக் கட்டி, செங்கல் உடைசல் போட்டு நிரப்பிய குளியலறைகளில் டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் நீர் அடியில் குளமாகத் தேங்குகிறது. ஒரு வருடம் கழித்துப் பக்கத்து அறைச் சுவரில் அது கறையாகத் தலைகாட்டும்.

நான்காவது உப்பு. உவர்ப்பான போர் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய சுவரில் உப்பு தங்கிவிடுகிறது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 (2000) என்ற இந்தியத் தர விதி. வீடு கட்டுமுன் போர் தண்ணீரைச் சோதித்தவர்கள் எத்தனை பேர்? சுவரில் தங்கிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எங்கும் கசிவில்லாத சுவர்கூட ஐப்பசியில் வியர்ப்பது இதனால்தான்.

ஐந்தாவது குளிர்சாதனம். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள மழைக்காலக் காற்று, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீராகப் படிந்துவிடும். ஏ.சி. ஓடிய அறையின் சுவர், பீரோவின் முதுகு, ஜன்னல் ஓரம் எல்லாம் அப்படி நனைகின்றன. கோடையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஏர்கூலர் போடுகிறவர்களும் அறைக்குள் தண்ணீரைத்தான் நிரப்புகிறார்கள்.

இவற்றோடு பூட்டிய வீடுகளையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, பெற்றோரும் அங்கே போய் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பினால் தோல் செருப்பிலும் சூட்கேஸிலும் பச்சைப் பூஞ்சை. காற்றோட்டமில்லாத அறையில் சிறு கசிவே போதும்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கமுள்ள பழைய வீடுகளின் நிலை வேறு. திருமலை நாயக்கர் மகாலைப் போலவே செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவர்கள் அவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளக்கும் எமல்ஷன் அடித்த பிறகு உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. இத்தகைய வீட்டுக்கு வருகிறவருக்குச் சுண்ணாம்பு தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எழுதிக் கொடுக்கும் மருந்தே நோயாகிவிடும்.

உடம்புக்கு என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான வீட்டில் வசிப்பதற்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது அதன் முடிவு. இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்று ஓர் எண்ணை அது சொல்லவில்லை. ஈரத்தைத் தடுங்கள், வந்தால் சரிசெய்யுங்கள் என்றது.

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் நுரையீரலில் கடும் ஒவ்வாமை உண்டாகும். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைப் பார்த்துக் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுப்பது இந்தியாவில் அடிக்கடி நேர்கிறது. இளைப்பு அடங்காத ஒருவர் வீட்டில் இருந்தால், சுவரின் நிலையை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

தேவையற்ற பீதியும் உண்டு. 2021 கொரோனா அலையில் 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயரில் பரவிய அச்சம் இன்னும் முழுதாக நீங்கவில்லை. அது மியூகார்மைகோசிஸ், கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களைப் பெரிதும் தாக்கியது. குளியலறை மூலையில் கறுப்பாகப் படிவது பெரும்பாலும் வேறு இனம். நிறத்தைச் சொல்லிப் பயமுறுத்திப் பணம் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பார்க்கிறவர் யார்?

அமெரிக்காவில் டெக்சாஸ், புளோரிடா, நியூயார்க் மாநிலங்கள் பூஞ்சை ஆய்வாளருக்கு உரிமம் கட்டாயமாக்கியுள்ளன. மூன்றிலும் பொதுவான விதி ஒன்று: ஒரே வீட்டில் ஆய்வு செய்தவரே அகற்றும் வேலையையும் எடுக்கக் கூடாது. பிரிட்டனில் பூஞ்சை நிறைந்த வாடகை வீட்டில் வசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்தான். அதையொட்டி 2023இல் வந்த சட்டம், சமூகக் குடியிருப்புகளில் ஈரப் புகார் வந்தால் குறித்த கெடுவுக்குள் ஆராய்ந்து சரிசெய்ய வேண்டும் என்ற பொறுப்பை வீட்டு உரிமையாளர் மீது வைத்தது.

இந்தியாவில் பூஞ்சை ஆய்வாளருக்கு உரிமமோ பதிவோ கிடையாது. வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் இணையவழிச் சான்றிதழை யாராவது காட்டினால், அவர் பாடம் படித்திருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மதுரைக்காரருக்குக் கைக்கெட்டுகிறவர்கள் நான்கு வகை.

முதல் வகை, இலவசமாகப் பார்க்க வரும் வாட்டர்புரூஃபிங், பெயிண்ட் ஆட்கள். கையில் ஈரமானி இருக்கும். பேச்சிலும் விஷயம் இருக்கும். ஆனால் அவர்கள் கண்டுபிடிக்கும் காரணம் எப்போதும் அவர்களிடம் விற்பனைக்கு உள்ள டப்பாவோடு பொருந்திவிடும். இலவசப் பார்வையின் விலை மதிப்பீட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது வகை, கட்டடப் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொறியாளர்களையும் கட்டமைப்புப் பொறியாளர்களையும் பதிவு செய்ய வகை செய்கின்றன. கட்டடக் கலைஞர்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு என்பது தொடக்கத் தகுதி. ஓதத்துக்கான ஐ.எஸ். 3067 விதியை அறிந்தவரா, பழுதான கட்டடங்களைப் பார்த்துப் பழகியவரா என்று அடுத்துக் கேட்க வேண்டும். புதுக்கட்டடம் எழுப்புவதில் பெயரெடுத்த பலருக்குப் பழைய சுவரைப் படிக்கத் தெரியாது. பொதுப்பணித் துறையில் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்து ஓய்வுபெற்றவர்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துவார்கள். தியாகராசர் போன்ற பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் துறையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை, அனுபவமுள்ள பிளம்பர். கசிவு குழாயில்தான் என்று உறுதியானால் இவரைவிடச் சிறந்தவர் இல்லை. அதற்கு முன்னால் அழைத்தால், குழாயில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டைல்ஸ் உடையும்.

நான்காவது வகை ஆய்வகங்கள். ஆய்வக அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, அந்த அங்கீகாரம் கேட்கும் சோதனைக்கும் உண்டா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்குக் காற்று மாதிரிச் சோதனை வீண் செலவு. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சைக்கு மாதிரி எடுக்க வேண்டியதில்லை என்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சொல்கிறது. வீட்டுக்காற்றில் இத்தனை வித்துதான் இருக்கலாம் என்று ஒப்பிட ஏற்கப்பட்ட வரம்பு எதுவும் இல்லை. ஆடிக்காற்றில் புழுதி பறக்கும் நாளில் எடுத்த எண்ணும், மழை விட்ட மறுநாள் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. கறை தெரியாமல் வாடை மட்டும் வருகிற வீட்டிலோ, வழக்குக்குச் சான்று தேவைப்படும்போதோ சோதனைக்குப் பொருள் உண்டு. அப்போதும் வீட்டுக்கு வெளியே அதே நேரத்தில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

ஒரு சுவரைப் படிப்பது

நல்ல சோதனை எப்படி நடக்கும் என்பதை ஒரு சுவரை வைத்துப் பார்ப்போம். படுக்கையறைச் சுவர், மறுபுறம் குளியலறை. மர பீரோவை நகர்த்தினால் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள். அதற்குக் கீழே பட்டி உப்பி, விரல் பட்டால் மாவாக உதிர்கிறது. கறையின் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

விவரம் தெரிந்தவர் கருவியை உடனே எடுக்க மாட்டார். "எப்ப முதல்ல பார்த்தீங்க? கோடையில காயுதா, இல்ல அப்பவும் ஈரமா இருக்கா?" என்றுதான் தொடங்குவார். சித்திரை வெயிலிலும் கறை வளர்கிறது என்றால் மழைமீதுள்ள சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும். குளியலறைக் குழாயைத்தான் விசாரிக்க வேண்டும். கார்த்திகையில் வந்து மாசியில் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் மாடியோ வெளிச்சுவரோ காரணம். பருவம் இப்படித் துப்புக் கொடுப்பது வறண்ட ஊருக்கே உள்ள வசதி. பிறகு அவர் வெளியே போய், மண்மட்டம் வீட்டுத் தரைக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பார், மாடி ஏறுவார், ஏ.சி. தண்ணீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று கேட்பார்.

அதன்பின் ஈரமானி. தரையிலிருந்து அடிக்கொரு முறை மேலே வைத்துக்கொண்டே போய் அளவுகளைக் குறிப்பார். கீழே மிகுந்து மேலே குறைந்தால் தரையோதம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் உச்சம் என்றால் குழாய். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஊசி வைத்த ஈரமானி உண்மையில் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. உப்பேறிய சுவரில் காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும். உவர்நீர் ஊரில் அந்த எண்ணை மட்டும் நம்பிச் சுவரை உடைப்பவர் தொழில் தெரியாதவர். சந்தேகமானால் துளையிட்டு எடுத்த தூளை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். வெப்பப் படக்கருவிக்கும் இதுபோல் வரம்பு உண்டு. அது தண்ணீரைக் காட்டாது. வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டும். உச்சி வெயில் வாங்கிய சுவரில் அந்தப் படம் ஏமாற்றும்.

செலவில்லாத சோதனைகளும் இருக்கின்றன. சுவரில் ஓர் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விட்டால், தாளின் வெளிப்பக்கம் நனைந்திருப்பது அறைக்காற்றின் ஈரம். உட்பக்கம் நனைந்திருப்பது சுவரின் ஈரம். குளியலறை வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இரவில் தொட்டி வால்வை மூடி, நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் பார்த்தால் தொட்டியிலேயே கசிவா என்பது தெரியும். மூடாமல், யாரும் குழாயைத் திறக்காத இன்னோர் இரவில் மட்டம் இறங்கினால் வீட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிப் படம் எடுத்து வைத்தாலே ஆய்வுக்கு வருகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எழுத்தில் வாங்க வேண்டியவை

பார்ப்பதற்கான கூலியைத் தனியாகப் பேசி, பழுது வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லாமல் அழைக்க வேண்டும். அறிக்கை எழுத்தில் வேண்டும். எங்கெங்கே என்ன அளவு, எந்தச் சோதனை, எது காரணம், எவையெல்லாம் காரணமில்லை என்று விலக்கப்பட்டன, எந்த வரிசையில் எதைச் சரிசெய்வது, சரியானதை எப்படிச் சரிபார்ப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். விலக்கப்பட்ட காரணங்களைச் சொல்லாத அறிக்கை வெறும் ஊகம்.

சிறு பரப்பு என்றால் சுத்தம் செய்ய ஆளே தேவையில்லை. அமெரிக்க முகமை சுமார் 10 சதுர அடி வரை வீட்டுக்காரரே செய்யலாம் என்கிறது. என்-95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாக உலரவிட்டால் போதும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

அடுக்ககம் புதிது என்றால் அறிக்கைக்குச் சட்ட மதிப்பும் உண்டு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைச் சுட்டிக்காட்டினால் கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். சுவர் நனைகிறது என்று போனில் புலம்புவதைவிட, பதிவு பெற்ற பொறியாளரின் அறிக்கையை இணைத்து எழுத்தில் அனுப்புவதற்குப் பலம் அதிகம். கூலி வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்தவர்மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இதே அறிக்கை உதவும்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம், வங்கி தன் பங்குக்கு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. இவர்களில் எவரும் பீரோவை நகர்த்திப் பார்ப்பதில்லை. விற்கிறவர் புதுப் பெயிண்ட் அடித்து, பங்குனி, சித்திரையில் வீட்டைக் காட்டுவார். வாங்குகிறவர் முன்பணம் கொடுக்குமுன் ஒரு பொறியாளரின் ஓத அறிக்கையைக் கேட்பதும், முடிந்தால் கார்த்திகையில் ஒருமுறை வீட்டைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டால், உரிமச் சட்டம் வராவிட்டாலும் மதுரையில் இந்தத் தொழில் வளரும்.